பழைய பேட்ச் சேர்ந்து ஓவியக் கண்காட்சி: கடலூரா, புதுச்சேரியா? எதை மாட்டுவது?

முதுநகர்_மை:

எல்லாருக்கும் வணக்கம். நான் கடலூர் முதுநகர்க்காரி. அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படித்து முடித்துச் சில வருஷம் ஆகிறது. எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் கல்யாணப் பத்திரிகையும் பிறந்தநாள் கேக்கும் தவிர எதுவும் வராது. போன மாசம் ஒருத்தன் திடீரென்று "எல்லாரும் சேர்ந்து ஒரு ஷோ போடலாமா" என்று கேட்டான். அன்று ராத்திரி குழு தூங்கவே இல்லை. விடிந்த பிறகும் பின்வாங்காமல் நின்றவர்கள் ஏழு பேர்.

யார் யார் என்ன செய்கிறோம் என்று சொன்னால்தான் சிக்கல் புரியும். நான் மஞ்சக்குப்பத்தில் பிளெக்ஸ் கடையில் டிசைனர். ஒருத்தி வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மைக்குக் கண் எழுதுகிறாள். ஒருத்தன் ஸ்தபதி ஒருவரோடு ஊர் ஊராகக் கோபுரச் சுதைச் சிற்ப வேலைக்குப் போகிறான். ஒருத்தி குறிஞ்சிப்பாடிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. ஒருத்தன் கல்யாண மேடை அலங்காரம், ஒருத்தன் புதுச்சேரியில் டாட்டூ கடை. விடாமல் வரைந்துகொண்டிருப்பவன் மிச்சமுள்ள ஒருத்தன்தான். சென்னையில் இரண்டு குரூப் ஷோவில் அவன் படம் தொங்கியிருக்கிறது.

எதை மாட்டுவது என்பதில்தான் சண்டை. கல்லூரியில் வரைந்ததையே தூசு தட்டி வைப்போம் என்கிறார்கள் பாதிப் பேர். ஓவியன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு மூன்று புதுப் படம் வேண்டும் என்கிறான். காதுகுத்து பேனரை முடித்துவிட்டு ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வருகிறவள் எப்போது கேன்வாஸ் முன்னால் உட்காருவது?

இடத்திலும் இழுபறிதான். புதுச்சேரியில் வைத்தால் பார்க்க ஆள் வரும், வாங்கவும் செய்வார்கள். கடலூரில் வைத்தால் அம்மா அப்பா வருவார்கள். அப்புறம் சிறப்பு விருந்தினர், பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் கட்டாயம் என்று ஒருத்தன் நிற்கிறான். அந்த பேனரும் என் தலையில்தான் விழும். விலை போடும் விதமும் யாருக்கும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கடற்கரை_நடை:

இடத்தைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். புதுச்சேரி என்றால் டூமாஸ் வீதியில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்தின் மேசோன் கொலம்பானி கூடம் இருக்கிறது, ஆரோவில்லில் சித்தாதின், பாரத் நிவாஸின் கலா கேந்திரா என்ற காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. எங்கே கேட்டாலும் படங்களின் போட்டோவும் உங்களைப் பற்றி ஒரு பக்கமும் கொடுக்க வேண்டியிருக்கும். தேதியும் பல மாசம் முன்னாலேயே கேட்டு வைக்க வேண்டும். தனியார் காலரிகள் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொள்வது வழக்கம், முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், ஊரே அங்கே நடக்கும். அங்கே படம் வைக்கும் ஈசல் ஸ்டாண்டை நிறுத்தினால் என்ன என்று எல்லாருக்கும் தோன்றும். அனுமதி இல்லாமல் நிறுத்தினால் எடுக்கச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் காற்றே எடுத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மட்டும் வைக்காதீர்கள். 2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல், 2024 நவம்பர் 30 அன்று 'ஃபெஞ்சல்' புயல். நம் ஊர்ப் புயல்களுக்கு நாள் குறிக்கத் தெரியும். தை, மாசிதான் சரி.


சட்டக்காரன்:

தங்கச்சி, புதுச்சேரி காந்தி வீதிப் பக்கம் படத்துக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவன். உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். எதை மாட்டுவது என்ற கேள்விக்கு விடை உன் இரண்டாம் பத்தியிலேயே இருக்கிறது.

கல்லூரிக் காலத்துப் படங்களை விடு. அவை எல்லாம் சட்டம் போட என் கடைக்கு வந்தவைதான். எந்தக் கல்லூரி, எந்த வருஷம் என்றாலும் அதே முக்காடு போட்ட கிழவி, அதே பித்தளைக் குடமும் மடிப்புத் துணியும், அதே சுண்ணாம்பாற்றுப் படகு. மார்க் வாங்க வரைந்தவை, வாங்கியும் ஆயிற்று. பரணில் சுருட்டிக் கிடந்த கேன்வாஸை இப்போது பிரித்தால் பெயிண்ட் வெடித்து உதிரும், அதற்குப் பிறகு என்னிடம் கொண்டுவந்தும் பிரயோஜனம் இல்லை.

"கொலு பொம்மைக்குக் கண் எழுதுகிறாள்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய். அந்த வேலையை நான் கிட்ட உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெள்ளை பூசி, மேனி நிறம் கொடுத்து, புடவைக் கரை, நகை எல்லாம் முடித்து வரிசையாக வைத்திருப்பார்கள். அதுவரை எல்லா அம்மனும் குருடு. கண் எழுதுகிறவர் இடது கையில் பொம்மையை ஏந்தி, வலது கைச் சுண்டு விரலை அதன் தாடையில் ஊன்றிக்கொள்வார். மேல் இமைக் கோடு ஒரே இழுப்பு. மூச்சை நிறுத்தித்தான் இழுக்கிறார்கள், பக்கத்தில் இருந்தால் தெரியும். பிறகு கருவிழி, ஓரத்தில் சிவப்பாக ஒரு நூல் கோடு. கருவிழி அரிசி முனை அளவு தள்ளினாலும் பொம்மை திருட்டு முழி முழிக்கும். ஒரு சீசனில் எத்தனை நூறு ஜோடிக் கண்! நம்மில் யாருக்கு அந்தக் கோடு வரும்? எனக்கு வராது. கண் திறந்ததும் திறக்காததுமாக ஒரே அச்சில் எடுத்த முப்பது பொம்மையைக் கொண்டுவந்து வரிசையாக வைக்கச் சொல், ஒரு சுவர் முடிந்தது.

அடுத்தது நீ. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வீட்டுக்காரர்கள் என்ன போட்டோ கொண்டுவருகிறார்கள்? யார் கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோ, தாத்தா மூன்றாவது வரிசையில். இல்லையென்றால் ஆதார் அட்டை ஜெராக்ஸ். அதிலிருந்து தலையை வெட்டி, பக்கத்து ஆளின் தோளை அழித்து, வேறொருவர் உடம்பில் இருக்கும் வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் பத்தடி உயரத்துக்கு நிறுத்துகிறாய். அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுகிற உருவப்படம் அதுதான், அடுத்த மாசம் சட்டம் போட என் கடைக்கும் வரும். கல்லூரியில் படித்த போர்ட்ரெய்ட் இப்போது உன்னிடம் இப்படித்தான் இருக்கிறது. வந்த துண்டு போட்டோவும் போன பேனரும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டு. குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டு செய், சம்மதிக்காதவர்களை விட்டுவிடு.

ஓவிய ஆசிரியையிடம் கேள்: அறிவியல் வாத்தியாருக்காகக் கரும்பலகையில் நுரையீரல், செம்பருத்திப் பூ எல்லாம் வரைந்து கொடுத்திருப்பாள், அடுத்த பீரியடில் அழித்திருப்பார்கள். கண்காட்சிக்கு ஒரு பழைய பலகையும் நாலு கலர் சாக்பீஸும் கொடுத்து தினம் ஒன்று வரையச் சொல்.

சுதை வேலைக்காரன், மேடைக்காரன், டாட்டூக்காரன் எல்லாருக்கும் இதே கணக்குதான். விடாமல் வரையும் தம்பி இவர்களுக்கு நடுவே தன் ஓவியத்தை மாட்டட்டும், தனி அறை வேண்டாம்.

வயிற்றுப்பாட்டு வேலையைக் கலை என்று காட்டுவதா என்று யாராவது மூக்கைச் சுளித்தால் ஒன்று சொல்லு. மெட்ராஸ் கலைப்பள்ளியை அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கினார், பானையும் உலோகமும் மரமும் அங்கே பாடமாகவே இருந்தன. அதே பள்ளிக்குப் பின்னாளில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரோடு 1966இல் சென்னைப் பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனவர்கள் மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். இங்கே வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்யும் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது, இது கைத்தொழிலா கலையா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இடம் கடலூர்தான். பொம்மையையும் பலகையையும் புதுச்சேரிக்கு ஏற்றி இறக்குகிற செலவில் கடலூரில் ஒரு மண்டபம் பிடிக்கலாம். அம்மா அப்பா வருவதைச் சாதாரணமாக நினைக்காதே. பி.எஃப்.ஏ. என்ற நுண்கலைப் பட்டம் என்றால் என்ன என்று அவர்களுக்கு இன்னும் யாரும் காட்டவில்லை.

மாட்டும் முறை பற்றி அப்புறம் எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறார்.


கீறல்:

சட்டக்காரன் அண்ணன் எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

சோழமண்டலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பாத்திக் செய்தது நிம்மதியாக ஓவியம் வரைவதற்காக. துணி விற்பனைக்குப் போனது, கேன்வாஸ் சுவருக்குப் போனது. அந்தப் பிரிவினை அவர்களுக்கு முக்கியம். பேனரில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், தலைவர் போட்டோ இன்னும் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று கடைக்கு வருகிறவர் சொல்கிறார், முதுநகர்_மை செய்கிறார். அதில் அவருடைய முடிவு எவ்வளவு? வருஷம் முழுக்க அடுத்தவர் சொன்னதைச் செய்தவருக்கு, தன் இஷ்டப்படி ஒன்று வைக்க ஒரு சுவர் கிடைக்கிறது. அங்கேயும் கடை வேலையைத்தானா மாட்டுவது?

இன்னொரு பயமும் உண்டு. வருகிறவர்கள் "பாவம், இவ்வளவு படித்துவிட்டு பேனர் அடிக்கிறாள்" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். கடலூரில் கட்டாயம் போவார்கள், அத்தை வீட்டுக்காரர்கள்தானே.

நேரம் இல்லை என்றால் சின்னதாகச் செய்யுங்கள். நான் லினோகட் போடுகிறவள், அதாவது லினோலியம் துண்டில் செதுக்கி மை பூசித் தாளில் அச்சு எடுக்கிறவள். உள்ளங்கை அளவு லினோ துண்டு, இரண்டு செதுக்குளி, ராத்திரி அரை மணி நேரம் போதும். மாசத்துக்கு ஒரு பிளாக் சாதாரணமாக முடியும். ஒரு பிளாக்கில் இருபது பிரதி எடுத்து 1/20, 2/20 என்று பென்சிலில் எண் போட்டுக் கையெழுத்து. சட்டம் கூட வேண்டாம், மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டையில் வைத்து பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். முந்நூறு ரூபாய் என்றால் கல்லூரிப் பிள்ளைகளும் வாங்குவார்கள், உங்கள் அத்தையும் வாங்குவார். இருபது முடிந்ததும் பிளாக்கின் குறுக்கே ஒரு கோடு கீறிவிடுங்கள். ஆசை வந்து இருபத்தொன்றாவது எடுக்கக் கூடாது.

கேன்வாஸ் விலைக்கு சதுர அங்குலக் கணக்கு வையுங்கள். அங்குலத்துக்குப் பத்து ரூபாய் என்று வைத்தால் 24க்கு 36 அங்குலப் படம் 8,640 ரூபாய். ஒரே ஆளின் ஒரே அளவுப் படங்களுக்கு ஒரே விலை இருக்கட்டும். "எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்று ஒன்றுக்கு மட்டும் இரண்டு மடங்கு போட்டால் வாங்க வந்தவர் குழம்பிப்போவார்.


பொம்மைக்கார_வீடு:

நாங்கள் பொம்மை செய்கிற குடும்பம். ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். கண் எழுதுகிறவர் ஒருவர், அச்சு வேறொருவருடையது. நல்ல அச்சு என்றால் தாத்தா காலத்து மூல பொம்மையிலிருந்து வந்திருக்கும். மண் மிதித்தது, அச்சில் அழுத்தி இரண்டு பாதியாக எடுத்து ஒட்டியது, சூளை அடுக்கியது எல்லாம் வேறு கைகள். முப்பது பொம்மையை வரிசையாக வைத்து உங்கள் தோழி பெயரை மட்டும் எழுதினால் பட்டறையில் வருத்தப்படுவார்கள். வெளியே சொல்லமாட்டார்கள், அடுத்த சீசனுக்குக் கூப்பிடமாட்டார்கள்.

பட்டறைக்காரரிடம் முன்னாலேயே கேட்டு, சீட்டில் அச்சு இன்னார், மண் வேலை இன்னார், வண்ணம் இன்னார் என்று போடுங்கள். மண் பொம்மையை ஆடி, ஆவணியில் கேட்காதீர்கள், நவராத்திரி வேலையில் யாருக்கும் பேச நேரம் இருக்காது. தை மாசம் என்றால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.


முதுநகர்_மை:

எல்லாருக்கும் நன்றி. பதில்களை அப்படியே குழுவில் போட்டேன், திரும்ப ஒரு ராத்திரி தூக்கம் போச்சு.

பொம்மைக்காரி முதலில் சிரித்தாள். பொம்மைக்கார வீட்டின் பதிலைப் படித்த பிறகு, "பட்டறைப் பெயர் போடுவது என்றால் சரி, நாளைக்கே கேட்கிறேன்" என்றாள். சுதைக்காரன், "கோபுரத்தைக் கழற்றிக்கொண்டா வருவது?" என்று கேட்டான். அப்புறம் அவனே சாரத்தின் மேலிருந்து எடுத்த போட்டோக்களை அனுப்பினான். கீழே நின்று பார்த்தால் அளவாகத் தெரிகிற துவாரபாலகர் முகத்தில், மேலே ஏறிப் பார்த்தால் அத்தனை பெரிய மூக்கு! அடியிலிருந்து பார்க்கிறவனுக்குச் சரியாகத் தெரியவே அப்படி நீட்டி வைப்பார்களாம். கம்பி கட்டி, சாந்து அப்பி, மண்டபத்திலேயே ஒரு தலை செய்து காட்டுகிறேன் என்கிறான். தரை அழுக்காகும் என்று மண்டபக்காரரிடம் யார் சொல்வது என்பது தனிக் கேள்வி.

டாட்டூக்காரன் மட்டும் கீறல் அக்கா கட்சி. கடையில் நாள் முழுக்க வருகிறவர் கேட்கிற சிங்கமும் சிலுவையும் போடுகிறான். கண்காட்சியில் கரித்துண்டில் வரைந்தவற்றைத்தான் வைப்பேன், டாட்டூ பக்கம் யாரும் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். அவன் சொல்வதும் நியாயம்தான், அவன் சுவர் அவன் இஷ்டம்.

நான் அஞ்சலி பேனர் செய்யலாம் என்றிருக்கிறேன். "பாவம்" என்பார்கள் என்று அக்கா சொன்னது சரிதான். கடையில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள், பழகிவிட்டது. இரண்டு குடும்பத்திடம் கேட்டேன். ஒரு வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் அந்த ஆயாவின் மகன், "கண்காட்சியில் அம்மா போட்டோவா, தாராளமா வைம்மா, நாங்கள் எல்லாரும் வருகிறோம்" என்றார். கூடவே லினோவும் ஒன்று செதுக்கிப் பார்க்கப் போகிறேன்.

இடம் கடலூர் என்று முடிவாகிவிட்டது. ஓவியனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். ஆற்றுத் திருவிழா முடிந்து அடுத்த வாரம் வைக்கலாம் என்று பேச்சு. சிறப்பு விருந்தினர் வருவது வருவதுதான், ஏற்கெனவே போய்ச் சொல்லிவிட்டானாம். ஆனால் மேடைப் பேச்சு கிடையாது, வந்து படம் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று ஒப்பந்தம்.

பார்த்த மண்டபத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார்கள். சட்டக்காரன் அண்ணா, இதற்கு வழி சொல்லுங்கள்.


சட்டக்காரன்:

எந்த மண்டபத்தில்தான் அடிக்க விடுகிறார்கள். சுவரை மறந்துவிடு. எட்டுக்கு நாலு அடி பிளைவுட் பலகைகளை இரண்டிரண்டாகக் கீல் போட்டுச் சேர். புத்தகத்தைத் திறந்து வைத்த மாதிரி கோணமாக நிறுத்தினால் கால் இல்லாமலே நிற்கும். இரண்டு பக்கமும் மாட்டலாம். வெள்ளை எமல்ஷன் ஒரு கோட் போதும். வாடகைக்குத் துணித் தட்டி தருகிறேன் என்பார் பந்தல்காரர். வாங்காதே, கனம் தாங்காது, மின்விசிறி போட்டால் ஆடும்.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 58 முதல் 60 அங்குலத்தில் வரட்டும். மேல் விளிம்பைச் சமன் பார்க்கிறார்கள் பலர், அது தப்பு. பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள் என்றால் கரும்பலகையை மட்டும் தாழ்த்தி வை. பொம்மை வரிசை உட்கார்ந்து பார்க்கிற உயரத்தில் இருக்கட்டும், முன்னால் ஒரு பாய் போடு. நின்றுகொண்டு பார்த்தால் கண் தெரியாது, கொண்டைதான் தெரியும்.

பேனர் பத்தடி வேண்டாம். மண்டபத்தின் உள்ளே ஐந்தடிக்கு மேல் போனால் மற்ற எல்லாரையும் விழுங்கிவிடும். துண்டு போட்டோவை அதன் பக்கத்தில் அசல் அளவிலேயே மாட்டு. பெரிதாக்கினால் போச்சு. சட்டம் என் கடையில் போட்டுக்கொள், மரச் செலவு மட்டும் கொடு.

கீறல் தங்கச்சியோடு எனக்குச் சண்டை இல்லை. லினோ பிரதி எடுக்கும்போது என்னைக் கூப்பிடட்டும், இரண்டு வாங்கிக்கொள்கிறேன். உறையில் போடும் முன்னால் தாளை நன்றாக உலரவிடச் சொல். கடல் காற்றில் மை சீக்கிரம் காயாது, மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

கீல் மட்டும் பித்தளையில் வாங்கு. காசு கூடத்தான். இரும்பில் வாங்கினால் முதுநகர் உப்புக் காற்றுக்கு அடுத்த கண்காட்சிக்குள் இறுகிக்கொண்டு பலகையைப் பிரிக்கவே முடியாது.